சீலை மறைப்பிலிருந்து கதவு வரை: வன்னியில் ஒரு சின்ன அறையின் கதை

தங்கச்சி இந்த வருசம் உயர்தரம் எடுக்கிறாள். போன பங்குனியில ஒருநாள் தொலைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். யாரோ ஒரு பிள்ளை தன்ர சின்னப் படுக்கையறையைக் குறைஞ்ச செலவில "மாத்தி" எடுத்த காணொளி. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள் லைற், கட்டிலில மூன்று தலையணை, தடித்த போர்வை, மூலையில வாசனை மெழுகுதிரி. "அக்கா, என்னட்ட ஐயாயிரம் இருக்கு. என்ர அறையையும் இப்பிடி ஆக்குவமே?"

குசினிக்குள்ள நிண்ட அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னா: "கதவிருக்கெல்லே, பிறகென்ன?"

நாங்கள் சிரிச்சுப்போட்டு விட்டிட்டம். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடந்தது. அம்மாவுக்கு ஏன் அறை என்றவுடன் முதலில் கதவு ஞாபகம் வருகிறது? அதைத் தேடிப்போனபோதுதான் விளங்கியது, எங்கட பக்கத்தில் பூட்டக்கூடிய ஒரு அறை என்பதே மிகப் பிந்தி வந்த சாமான் என்று. வன்னியின் போர் வரலாற்றை ஊர் ஊராக, சண்டை சண்டையாக எழுதியிருக்கிறார்கள். படுத்தெழும்பிய இடத்தின் வரலாற்றை யாரும் அதிகம் எழுதவில்லை. இது அதற்கான ஒரு சின்ன முயற்சி.

அறை படுக்கிறதுக்கு இல்லை

அம்மம்மா பிறந்து வளர்ந்தது மண்வீட்டில். காட்டுத்தடி நட்டு, வரிச்சுக் கட்டி, புற்றுமண்ணைக் குழைத்து அப்பிய சுவர். மேலே கிடுகோ, காவோலையோ, இலுக்குப்புல்லோ. நிலம் சாணத்தால் மெழுகியது. அந்த வீட்டில் ஒரு அறை இருந்தது. ஆனால் அதுக்குள்ள ஆரும் படுக்கிறதில்லையாம். "அது நெல் மூட்டைக்கும் றங்குப்பெட்டிக்கும் மோனை. நாங்கள் விறாந்தையில பாயைப் போட்டால் சோளகம் அடிக்க விடியுமட்டும் நித்திரை."

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வன்னி உலர்வலயம். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை வெக்கைதான் பிரச்சினை, குளிர் இல்லை. தடித்த மண்சுவர் பகல் சூட்டை உள்ளே விடச் சுணங்கும். ஓலைக்கூரைக்குள் காற்று தங்கியிருப்பதால் வெயில் நேரே இறங்காது. மெழுகிய நிலம் உடம்புக்குக் குளிர்மையாக இருக்கும். காணொளியில் வருகிற அறை குளிர்நாட்டு அறை. அங்கே போர்வையும் மெழுகுதிரியும் சுகம். இங்கே சுகம் என்றால் குளிர்மை. அம்மம்மாவின் வீடு செலவில்லாமல் அதைச் செய்தது. வருசா வருசம் கூரை வேய்வதும், கிழமைக்குக் கிழமை நிலம் மெழுகுவதும்தான் செலவு. அந்தச் செலவு காசாக இல்லாமல் பெண்களின் முதுகுவலியாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அந்த வீட்டின் இரவுக்கு வேறொரு எதிரி இருந்தது: நுளம்பு. வன்னி நீண்ட காலம் ஆட்கள் வந்து குடியேறத் தயங்கிய இடமாக இருந்ததற்கு மலேரியா ஒரு முக்கிய காரணம். 1940களின் நடுவில் இலங்கை முழுக்க வீடுகளின் உட்சுவர்களுக்கு டி.டி.ரி. அடிக்கத் தொடங்கினார்கள். சுவரில் வந்து குந்துகிற நுளம்பு அதிலேயே செத்துப்போகும் என்பதுதான் அதன் வேலை. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியாக் காய்ச்சல் வெறும் 17 பேருக்குத்தான். பிறகு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது திரும்பி வந்தது. போர்க்காலத்தில் வன்னியை மறுபடி பிடித்தது. 2016 செப்டெம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அரசாங்கம் எங்கட படுக்கிற இடத்துக்குள் முதன்முதலாகக் கால்வைத்தது மருந்து அடிக்கிற குழாயோடுதான் என்று நினைக்கிறேன்.

கொலனி வீடும் வாலிபர் கொட்டிலும்

இரண்டாவது தடவை அரசாங்கம் வந்தது வீட்டையே கொண்டு. இரணைமடுக் குளத்தின் வேலைகள் 1920 அளவில் முடிந்தபின், 1936இல் குடியேற்றத் திட்டம் தொடங்கியதோடுதான் கிளிநொச்சி என்கிற ஊரே உருவாகிறது. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காணி 'பெர்மிற்' கொடுத்தார்கள். வட்டக்கச்சி, இராமநாதபுரம், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களுக்குக் கீழே குடியேற்றங்கள் வந்தன. யாழ்ப்பாணத்தில் காணி இல்லாத குடும்பங்கள் வந்து காடு வெட்டினார்கள். கொலனிகளில் எல்லா வீடும் ஒரே அச்சில் இருக்கும். வளவு பெரிசு, வீடு சின்னன். பிள்ளைகள் கூடக்கூட வீட்டை நீட்டவில்லை, பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டார்கள்.

1960களின் பிற்பகுதியில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டம் வந்தது. வேலை கிடைக்காத படித்த பொடியளுக்குக் காணி கொடுத்து மிளகாயும் வெங்காயமும் செய்யச் சொன்ன திட்டம். அவர்களில் கனபேரின் முதல் "சொந்த அறை" தோட்டத்துக்குள் போட்ட ஓலைக்கொட்டில்தான். 1970க்குப் பிறகு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது செத்தல் மிளகாய் விலை ஏறியது. அந்தக் காசில் பலர் கல்வீடு கட்டினார்கள். வன்னியில் ஓட்டுக்கூரையும் சீமெந்து நிலமும் பரவலாகத் தொடங்கியது இந்தக் காலத்தில்.

அதே பத்தாண்டில் இன்னொரு கூட்டமும் வந்தது. 1977 இனக் கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள். லயன் அறை ஒன்றில் ஒரு குடும்பம் முழுக்க வாழ்ந்து பழகியவர்கள். வவுனியா மாவட்டத்திலும் வேறு எல்லை ஊர்களிலும் அவர்களைக் குடியேற்ற உதவியது காந்தியம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான எஸ். ஏ. டேவிட் தொழிலால் கட்டடக் கலைஞர், மற்றவர் வைத்தியர் இராஜசுந்தரம். 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் தப்பி, நீண்டகாலம் இந்தியாவில் இருந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். பெரிய கட்டடங்கள் வரையப் படித்த ஒருவர், வீடில்லாதவர்களின் குடிசைகளோடு தன் வாழ்க்கையைக் கட்டிக்கொண்டார். எங்கட ஊர் வீடுகளின் கதையில் அவருடைய பெயர் இருக்கவேண்டும்.

சீலை சுவராகிய காலம்

அம்மாவின் கதை இங்கே தொடங்குகிறது. 1995 ஐப்பசி முடிவில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே இரவில் இலட்சக்கணக்கான சனம் வெளிக்கிட்டது. அதில் பெருந்தொகை பிறகு கடல்நீரேரி தாண்டி வன்னிக்கு வந்தது. 1996 புரட்டாதியில் இராணுவம் கிளிநொச்சிக்குள் வர, கிளிநொச்சிச் சனமும் சேர்ந்து மல்லாவி, அக்கராயன், புதுக்குடியிருப்பு என்று ஒதுங்கியது. அம்மாவுக்கு அப்ப பதினேழு வயது, இப்ப தங்கச்சியின் வயது. மல்லாவியில் ஒரு தெரிந்தவரின் விறாந்தையில் மூன்று குடும்பம். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவில் கயிறு கட்டி, அதில் சீலை.

"சீலைக்கு அங்கால ஆர் இருமினாலும் எங்களுக்குக் கேக்கும். உடுப்பு மாத்திறதெண்டால் அம்மா ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம் சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம்."

ஏன் மண்சுவராவது எழுப்பவில்லை என்று கேட்டேன். "நாளைக்கு எங்க இருப்பமெண்டு தெரியாமல் ஆர் சுவர் வைப்பினம்?" என்றா. சுவர் வைக்க நினைத்தவர்களுக்கும் சீமெந்து இல்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் சீமெந்து, மண்ணெண்ணெய், பற்றறி, மெழுகுதிரி எல்லாம் தடைப்பட்டவையாகவோ கட்டுப்படுத்தப்பட்டவையாகவோ இருந்தன. இரவில் வெளிச்சம் தந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனைய ஒரு சொட்டு மண்ணெண்ணெய், மூடியில் ஓட்டை போட்டு ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் படித்து உயர்தரம் எடுத்த தலைமுறை அம்மாவுடையது. காணொளிப் பிள்ளை அறை அழகுக்கு மெழுகுதிரி கொளுத்துவதைப் பார்த்து அம்மா முகம் சுழித்ததன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்த நாட்களில் வீட்டுக்குள் இருந்த சாமான்களில் சீலைதான் எல்லாவற்றுக்கும் கை கொடுத்தது. பிரித்தால் மறைப்பு. தூக்கிக் கட்டினால் ஏணை. கூரைக்குக் கீழே விரித்தால் ஓலைத்தூசி கொட்டாது. மடித்தால் தலையணை. இடம்பெயரும்போது அதுவே மூட்டை கட்டுகிற துணி.

2002 மாசியில் போர்நிறுத்தம் வந்தது. சித்திரையில் ஏ9 திறந்தது. சீமெந்தும் ஓடும் வந்தன. சனம் கிளிநொச்சிக்குத் திரும்பி மறுபடி கட்டியது. அப்பாவும் அம்மாவும் ஒரு அறையும் விறாந்தையுமாக வீடு வைத்தது அப்போதுதான். முதிரை மரத்தில் செய்த ஒரு கதவு அதற்கு இருந்ததாம். எனக்கு அது மங்கலாகத்தான் ஞாபகம்.

கதவைக் கழற்றிக்கொண்டு போனவர்கள்

2008இல் சனம் வீட்டையே கழற்றிக்கொண்டு இடம்பெயர்ந்தது. மன்னார்ப் பக்கமிருந்து கிழக்கு நோக்கி வந்த உழவு இயந்திரங்களில் தகரம், ஓடு, யன்னல் நிலை, கட்டில் எல்லாம் அடுக்கியிருந்தன. போன முறை விட்டுப்போனதைத் திரும்பி வந்தபோது காணவில்லை என்கிற அனுபவம் எல்லாருக்கும் இருந்தது. எங்கட முதிரைக் கதவும் விசுவமடு வரை வந்தது. அதற்குப் பிறகு கதவைத் தூக்க ஆளுமில்லை, வைக்க இடமுமில்லை.

2009 தை 2ஆம் திகதி கிளிநொச்சி விழுந்தது. சனம் கடற்கரை மணலுக்குள் நெருக்கப்பட்டது. மணலில் வெட்டுகிற பங்கர் சரிந்து விழும். அதைத் தாங்க மண்மூட்டை வேணும், மூட்டை தைக்கச் சாக்கு இல்லை. சீலைகளை வெட்டித் தைத்தார்கள். கூறைச்சீலைகூடத் தப்பவில்லை. முள்ளிவாய்க்காலில் பின்னாளில் எடுத்த படங்களில் நிறம் நிறமாகக் கிடக்கும் துணிமூட்டைகள் அவைதான். எனக்கு ஒன்பது வயது. எங்கட பங்கர் அம்மாவின் பச்சைச் சீலையால் ஆனது. என் வாழ்க்கையில் நான் படுத்த இடங்களிலேயே ஆகச் சின்ன அறை அது.

அதற்குப் பிறகு செட்டிகுளம் மெனிக்பாம். வெளியேறி வந்த மூன்று இலட்சம் பேரளவில் பெரும்பகுதி அந்த முட்கம்பிக்குள் வைக்கப்பட்டது. வலயங்களுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெரிய மனிதர்களின் பெயர். உள்ளே தரப்பாள் கூடாரம். ஒரே கூடாரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். பகலில் உள்ளே இருக்கேலாத வெக்கை, மழைக்கு வெள்ளம். மறுபடியும் கயிறும் சீலையும். மல்லாவியில் அம்மாவுக்குச் சீலை பிடித்தது அம்மம்மா. மெனிக்பாமில் சீலை பிடித்தது அம்மா.

550 சதுர அடி

2009இன் பிற்பகுதியிலிருந்து கட்டம் கட்டமாக ஊருக்கு விட்டார்கள். 2012 செப்டெம்பரில் மெனிக்பாம் மூடப்பட்டது. திரும்பியவர்களுக்கு ஐ.நா. அகதிகள் நிறுவனம் குடும்பத்துக்கு 25,000 ரூபாய் கொடுத்தது. கூரைத்தகரமும் தரப்பாளும் கிடைத்தன. தகரக் கொட்டில் இரண்டு மூன்று வருசம் பலருக்கு வீடாக இருந்தது. ஓலைக்கும் தகரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மத்தியானம் ஒரு மணிக்கு உள்ளே இருந்தவர்களிடம் கேட்கவேண்டும்.

பிறகு இந்திய வீட்டுத்திட்டம். 2010இல் 50,000 வீடுகள் என்று அறிவித்து, ஆயிரம் வீடுகளை முன்னோடியாகக் கட்டி, 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி பெரும்பகுதியைத் தொடங்கினார்கள். ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வரும். பரப்பளவு 550 சதுர அடி அளவு. இரண்டு படுக்கையறை, ஒரு நடு அறை, ஒரு குசினி. கட்டவேண்டியது வீட்டுக்காரரே. அம்மா மேசனுக்குக் கல் எடுத்துக் கொடுத்து, தண்ணி ஊத்திக் கட்டிய வீடு எங்களுடையது. ஐந்தரை இலட்சம் காணாமல் கடன்பட்டு முடித்த குடும்பங்கள் ஏராளம். எங்கட வீட்டில் வெளிச்சுவருக்கு இன்றைக்கும் பூச்சில்லை. ஆனால் அம்மா கடைசிக் கட்டக் காசில் முதலில் வாங்கியது உள்ளறைக் கதவு. வீட்டின் பின்கதவுக்கு அப்போதும் தகரம்தான் மறைப்பு. ஆம்பிளை இல்லாத வீடு, முன்னால் பட்டாளக் காவலரண், இரண்டு பொம்பிளைப் பிள்ளைகள். உள்ளுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு இடம் அவவுக்கு வேணும்.

"கதவிருக்கெல்லே" என்பதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

வீட்டை மேலிருந்து கொடுத்தால் போதுமா என்கிற கேள்வி 2016இல் வந்தது. ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தின் 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை வடக்கு கிழக்குக்குக் கொண்டுவர அரசாங்கம் முயன்றது. ஒன்றுக்கு 21 இலட்சம் ரூபாய் அளவு. மாதிரி வீடுகளைப் பார்த்த பொறியியலாளர்களும் சமூக ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். எங்கட வெக்கைக்குப் பொருந்தாது, பின்னால் ஒரு அறை கூட்டிக் கட்டேலாது, ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலையில்லை, அதே காசுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கல்வீடு கட்டலாம் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். திட்டம் நின்றுபோனது. அந்த வீடுகளுக்குள் கட்டில், தொலைக்காட்சி எல்லாம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். அலங்காரம் உள்ளே இருந்தும் சனம் சுவரைத் தட்டிப் பார்த்தது. அது சரியான புத்தி என்றே நினைக்கிறேன்.

காணியே கிடைக்காதவர்களுக்கு அறை என்ற பேச்சே இல்லை. 2017 தை 31 தொடங்கி கேப்பாப்புலவு பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாம் வாசலில், ரோட்டோரத்தில், பிள்ளைகளோடு ஒரு மாதம் படுத்துக் கிடந்தது. பங்குனி 1இல் தங்கட வளவுக்குள் போனார்கள். ஒரு அறைக்காக ரோட்டில் படுக்கவேண்டி வந்த ஊர் எங்களுடையது.

ஐயாயிரம் ரூபாய்

திரும்பத் தங்கச்சியிடம் வருவம். "அழகான அறை" என்கிற ஆசை தப்பில்லை. அதை விற்கிறவர்கள்தான் கவனிக்கவேண்டியவர்கள். போர் முடிந்த கையோடு வன்னிக்குள் வந்தவை நுண்கடனும் மாதக் கட்டுக்குத் தளபாடம் கொடுக்கிற கடைகளும். புது வீட்டுக்குள் புது அலுமாரி, அதற்குக் கிழமைக் கட்டு. கட்டமுடியாமல் வீட்டுக்குள் ஒளிந்த பெண்களை எங்கட ஒழுங்கையிலேயே பார்த்திருக்கிறோம். பூட்டக் கிடைத்த கதவு கடன்காரனுக்குப் பயந்து பூட்டுகிற கதவாக மாறியது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்த அளவுக்கு அது போனது. பிறகு 2021இல் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்துப் பை 2022இல் இரண்டாயிரத்தைத் தாண்டியது. பாதியில் நின்ற வீடுகள் பாதியிலேயே நிற்கின்றன. ஆகவே எங்கட விதி ஒன்றுதான்: கடன் இல்லை, கட்டுக்காசு இல்லை, ஐயாயிரத்துக்கு மேல் ஒரு சதம் இல்லை.

செய்தவை இவ்வளவுதான். பூச்சில்லாத உட்சுவரைக் கழுவி, ஈரம் காயமுதல் சுண்ணாம்பு இரண்டு தரம் அடித்தோம். பாதிக் காசு அதற்கும் தூரிகைக்கும் போனது. பத்துக்குப் பத்து அறை திடீரென்று பெரிசானது. மேலே சீட் கூரை. அதற்கு ஒரு முழம் கீழே அம்மாவின் பழைய நூல்சீலைகள் இரண்டை விரித்துக் கட்டினோம். நான்கு பக்கமும் சூடு வெளியேற இடைவெளி விட்டு, வயரும் குமிழும் கிட்ட வராமல். தூசியும் நின்றது, சூடும் குறைந்தது. யன்னலை அடைத்துக்கொண்டிருந்த கட்டிலை எதிர்ச்சுவருக்குத் தள்ளினோம். இப்ப சோளகம் நேரே உள்ளே வருகிறது. நிலத்துக்குச் சந்தையில் வாங்கிய பன்பாய். படிக்கிற மேசைக்கு மேல் மட்டும் ஒரு மஞ்சள் குமிழ். மேற்கு யன்னலுக்கு வெளியே ஒரு வேப்பங்கன்று. அது நிழல் தர நாலைந்து வருசம் எடுக்கும். தங்கச்சி கம்பஸ் முடித்து வரச் சரியாக இருக்கும்.

யன்னலுக்குத் திரை மிச்சமாக இருந்தது. கடைத்துணி வாங்கக் காசு காணாது. அம்மா அலுமாரியின் அடியிலிருந்து ஒரு சீலையை எடுத்துத் தந்தா. மெனிக்பாமில் கயிற்றில் தொங்கியது. கரையில் தரப்பாள் கயிறு உரசிய கோடு இன்னும் இருக்கிறது.

"உதை வெட்டவேணுமே அம்மா?" என்று கேட்டேன்.

"வெட்டித் தை. இனி அது யன்னலுக்குத்தானே."

அன்றைக்கு இரவு தங்கச்சி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படிக்க இருந்தாள். அம்மா கதவடியில் பிளேன்ரீயோடு நின்று, தட்டிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றா. எங்கட வீட்டில் ஒருவர் கதவைத் தட்டிவிட்டுக் காத்து நின்றதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.